எண்ணும் எழுத்தும்: மருத்துவக் குறியீட்டில் அபினி மருந்துகள்

மூன்றாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டில் ஒரு சொல் பெரிய சண்டையை மூட்டிவிட்டது. கன்னத்தில் புற்றுநோய் கண்டு படுத்திருந்த என் தாத்தாவுக்கு, வலி பொறுக்க முடியாத நிலையில், மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை பத்து மில்லிகிராம். மாத்திரை வந்த மறுநாள்தான் அவர் பல வாரங்களுக்குப் பிறகு கண்ணயர்ந்தார். பார்க்க வந்த உறவினர் ஒருவர் அட்டையைப் புரட்டிவிட்டு, "பெரியவரை அபினுக்கு அடிமையாக்கி அனுப்பிட்டாங்களே!" என்றார். அன்றிரவே பெரியப்பா மாத்திரையை நிறுத்திவிட்டார். அடுத்த இரண்டு நாள் தாத்தா பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை. மூன்றாம் நாள் அம்மா யாரையும் கேட்காமல் மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த 'அடிமை' என்ற சொல் மட்டும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டது.

சென்ற கோடை விடுமுறையில் திருச்சியில் மெடிக்கல் கோடிங் பயிற்சி வகுப்பொன்றில் நான்கு வாரம் படித்தேன். நம் கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் வேதியியலும் படித்துச் சென்ற அக்காமார், அண்ணன்மார் பலர் இன்று சென்னையிலும் கோவையிலும் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். வேலை கிடைக்கும் என்ற ஆசையில்தான் நானும் சேர்ந்தேன், அதை மறைப்பானேன்? ஆனால் மூன்றாவது வாரம் நடந்த ஒரு பாடம் என்னைத் திரும்பவும் தாத்தாவின் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பாடத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

மெடிக்கல் கோடிங் என்றால் என்ன என்று கேட்கும் தோழர்களுக்காகச் சில வரிகள். அமெரிக்க நாட்டில் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால், மருத்துவர் தாம் கேட்டதையும் கண்டதையும் செய்ததையும் பதிவேட்டில் எழுதி வைக்கிறார். அந்தப் பதிவேட்டை வேறொருவர் படித்து, அதில் சொல்லப்பட்ட ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணை இட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் பணம் தருவது அந்த எண்ணைப் பார்த்து. எந்த நோய் எங்கே பெருகுகிறது என்று அரசு கணக்கெடுப்பதும் அந்த எண்ணைக் கொண்டு. அப்படிப் படித்து எண்ணிடும் வேலைதான் கடல் கடந்து நம் ஊர்களுக்கு வந்திருக்கிறது. எண்களுக்கு மூலம், உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட 'நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு' என்னும் பெருநூலின் பத்தாம் திருத்தம். அதை மேலும் விரித்து, ஏறத்தாழ 70,000 குறியீடுகள் கொண்டதாக்கி, அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 முதல் கையாளுகின்றன. பதினோராம் திருத்தம் 2022-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும் அமெரிக்கா இன்னும் அதற்கு மாறவில்லை.

தாவரவியல் மாணவர்களுக்கு இந்த நூல் அந்நியமாகத் தோன்றாது. நாம் பெந்தம்–ஹூக்கர் வகைப்பாட்டில் குடும்பம், பேரினம், சிற்றினம் என்று இறங்குவது போலவே இதிலும் ஓர் எழுத்தில் தொடங்கி இலக்கம் இலக்கமாக இறங்க வேண்டும். இது தற்செயலான ஒற்றுமையன்று. செடிகளுக்கு இரட்டைப் பெயர் தந்த லின்னேயஸே 1763-இல் நோய்களையும் பேரினங்களாகப் பிரித்து ஒரு நூல் எழுதியிருக்கிறார். பின்னர் 1893-இல் ஜாக் பெர்ட்டிலான் என்ற பிரெஞ்சுக்காரர் சிகாகோ நகரில் கூடிய புள்ளியியல் மாநாட்டில் இறப்புக் காரணங்களின் பட்டியலை முன்வைத்தார். அதுவே வளர்ந்து, 1948-இல் ஆறாம் திருத்தமாக உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. செடியைத் தவறாக இனங்கண்டால் செடிக்கு ஒன்றும் ஆகிவிடாது. செயல்முறைத் தேர்வில் நமக்கு இரண்டு மதிப்பெண் போகும்.

எங்கள் மூன்றாம் வாரப் பாடம் அபினி வகை மருந்துகள். 'ஓபியாய்டு' என்று பொதுவாகச் சொல்வார்கள். குருமாவுக்கு அரைக்கும் கசகசா எந்தச் செடியின் விதையோ, அதே செடியின் பச்சைக்காயைக் கீறினால் வடியும் பால்தான் அபினி. அதிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் செர்ட்யூர்னர் பிரித்தெடுத்தது மார்ஃபின். மார்ஃபினைச் சற்றே மாற்றிச் செய்தது ஹெராயின். அதை 1898-இல் இருமல் மருந்தாகவே கடையில் விற்றார்கள் என்றால் இன்று நம்ப முடிகிறதா? செடியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கியவை மெத்தடோன், டிரமடால், ஃபென்டனில் முதலியன. ஃபென்டனில் மார்ஃபினைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலிமை உடையது. இவை எல்லாமே வலியைத் தணிக்கும். அளவு மீறினால் எல்லாமே மூச்சை அடக்கிவிடும்.

வகைப்பாட்டு நூல் இம்மருந்துகளை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. பழக்கத்தால் வரும் கோளாறு 'எஃப்11' என்ற தலைப்பின் கீழ் வரும். நஞ்சாகிப்போன நிகழ்ச்சி 'டி40'-இல் வரும். டி40.0 அபினி, 40.1 ஹெராயின், 40.2 மார்ஃபின், கோடீன், ஆக்சிகோடோன் போன்றவை, 40.3 மெத்தடோன், 40.4 ஃபென்டனில் உள்ளிட்ட செயற்கை மருந்துகள், 40.6 இன்னதென்று சொல்லப்படாதவை. கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பயிற்சிக்காகப் பெயரும் ஊரும் நீக்கிய பதிவேடுகளைத் தருவார்கள். எனக்கு வந்தது 58 வயதுப் பெண்மணி ஒருவருடையது. முதுகுத்தண்டில் அறுவை நடந்தும் வலி தீரவில்லை. மூன்று ஆண்டுகளாக மருத்துவர் எழுதித் தந்தபடி ஆக்சிகோடோன் சாப்பிட்டு வருகிறார். பதிவேட்டின் கடைசி வரி: 'நீண்டகால ஓபியாய்டு உபயோகம்.' மூன்று ஆண்டு, அதுவும் தினம் இரண்டு வேளை என்றால் அடிமையாகாமல் என்ன என்று எண்ணி, எஃப்11.20 என்று இட்டுவிட்டேன். 'ஓபியாய்டு சார்புநிலை' என்று அதற்குப் பொருள். எங்கள் மேடம் தாளை வாங்கிப் பார்த்தார். சிவப்பு மையால் அடிக்கவில்லை. "ஏம்மா, இந்த அம்மா உனக்கு என்ன பாவம் செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டார்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையைப் புரட்டிய அந்த உறவினரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் வாயால் சொன்னதை நான் எண்ணால் எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான்.

சரியான குறியீடு இசட்79.891. 'வலி நீக்கும் ஓபியேட்டு மருந்தை நீண்டகாலமாக உட்கொண்டு வருபவர்' என்பது அதன் பொருள். நோயின் பெயரே அதில் இல்லை. உட்கொள்கிறார், அவ்வளவே. விதி தெளிவாக இருக்கிறது: மருத்துவர் தம் கையால் 'சார்புநிலை' என்றோ 'தவறான பயன்பாடு' என்றோ எழுதாதவரை, எண்ணிடுபவர் அதைத் தாமாக ஊகித்து எழுதக் கூடாது. 'உபயோகம்' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த உபயோகத்தால் ஒரு கோளாறு விளைந்தது என்று மருத்துவரே தொடர்புபடுத்தியிருந்தால் ஒழிய எஃப்11 பக்கமே போகக் கூடாது.

மருத்துவர்களுக்கும் இதில் வரையறை உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேடு, ஓபியாய்டு பயன்பாட்டுக் கோளாறுக்குப் பதினோரு அறிகுறிகளைச் சொல்கிறது. இரண்டு மூன்று இருந்தால் இலேசானது; நான்கு ஐந்து நடுத்தரம்; ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமை. இலேசானதற்கு எஃப்11.10, மற்ற இரண்டுக்கும் எஃப்11.20. அந்தப் பதினொன்றில் இரண்டைப் பற்றி எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாளாக ஆக மருந்தின் அளவு கூட்டினால்தான் பலன் தெரிவது ஒன்று. திடீரென நிறுத்தினால் உடல் நடுங்கி வியர்த்துத் துன்புறுவது மற்றொன்று. இவ்விரண்டும் மருத்துவர் சொற்படி மருந்து உண்பவரிடம் காணப்பட்டால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கையேடே கூறுகிறது. அது உடலின் இயல்பு. மருந்தைத் தேடி அலைவது, வேலையையும் குடும்பத்தையும் அதன்பொருட்டு விடுவது, கேடு என்று தெரிந்தும் நிறுத்த மாட்டாமை ஆகியவைதாம் கோளாற்றைக் காட்டுபவை. பெரியப்பா மாத்திரையை நிறுத்திய இரண்டு நாளும் தாத்தாவின் கை நடுங்கியதைக் கண்டு, "பாத்தியா, அடிமையாயிட்டாரு" என்று அந்த உறவினர் மீண்டும் சொன்னது எனக்கு இப்போது விளங்குகிறது.

ஒரே மாத்திரைக்கு இரண்டு முகம் உண்டு என்பதற்கு மெத்தடோனைக் காட்டினார் மேடம். வலிக்காக நெடுநாள் மெத்தடோன் உண்பவருக்கு இசட்79.891. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்வதற்காக அதையே உண்பவருக்கு எஃப்11.2. ஏன் கொடுக்கிறோம் என்பதை மருத்துவர் ஒரு வரி எழுதாமல் விட்டால், எண்ணிடுபவர் இருட்டில் நிற்க வேண்டியதுதான்.

அடுத்து ஒரு பதிவேடு வந்தது. வகுப்பில் யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. 19 வயது இளைஞன், நம் வயது. விடுதி அறையில் மூச்சு ஏறக்குறைய நின்றுபோன நிலையில் அறைத்தோழன் கண்டிருக்கிறான். வந்தவர்கள் நலோக்சோன் என்ற மருந்தை இருமுறை மூக்கில் பீய்ச்சியிருக்கிறார்கள். மூச்சு திரும்பியிருக்கிறது. (இந்த நலோக்சோன் 1971 முதல் மருத்துவமனைகளில் இருக்கிறது. அமெரிக்காவில் மருந்துச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்க 2023-இல்தான் அனுமதித்தார்கள்.) மருத்துவர் முடிவாக எழுதியது ஒரே சொல்: 'ஓவர்டோஸ்.'

எதனுடைய ஓவர்டோஸ்? நலோக்சோன் அபினி வகை மருந்தை மட்டுமே முறிக்கும். ஆகவே இது அபினி வகைதான் என்று நான் வாதாடினேன். அறிவியல்படி என் வாதம் தவறன்று. ஆனால் மேடம் ஒப்பவில்லை. "நீ டாக்டரா? எழுதாததை எழுதாதே" என்றார். அந்தத் தொழிலில் வேதவாக்கு அது: பதிவில் இல்லையென்றால் நடக்கவே இல்லை என்று கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை மட்டும் வைத்துப் பார்த்தால் கிடைப்பது டி50.901ஏ. இன்ன மருந்தென்று தெரியாத நஞ்சு, தவறுதலாக, முதல் சிகிச்சை. ஹெராயினோ ஃபென்டனிலோ தூக்க மாத்திரையோ எல்லாம் அதில் அடங்கிப்போகும்.

இன்னொரு சிக்கல், ஆறாவது இலக்கம். நஞ்சாதல் எந்த நோக்கத்தால் நேர்ந்தது என்பதை அது சொல்லும். 1 என்றால் தவறுதலாக. 2 என்றால் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள முயன்றது. 3 பிறர் கொடுத்தது. 4 தீர்மானிக்க இயலாதது. மருந்தை முறையாக உண்டும் உடம்புக்கு ஒவ்வாமல் போனால் 5. குறைவாக உண்டால் 6. என் பக்கத்தில் இருந்த தோழி, ஒன்றும் தெரியவில்லையே, 4 போட்டுவிடலாம் என்றாள். அதுவும் தவறு. 'தீர்மானிக்க இயலவில்லை' என்று மருத்துவர் எழுதியிருந்தால் மட்டுமே 4. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் 1 என்று கொள்வதே விதி. ஓர் இலக்கம் மாறினால் அந்தப் பையன் தற்கொலைக்கு முயன்றவன் ஆகிவிடுவான். அவன் தாய் தந்தையர் அந்தத் தாளை என்றேனும் பார்க்கக்கூடும் என்று நினைத்தபோது பேனா ஓடவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் எண்ணிடுபவர் மருத்துவருக்கு ஒரு வினாச் சீட்டு அனுப்பலாம், அனுப்பவும் வேண்டும். 'கொய்ரி' என்பார்கள். நான் எழுதிய முதல் சீட்டு: 'இது ஃபென்டனில்தானே?' மேடம் அதைக் கிழித்தே போட்டுவிட்டார். விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கக் கூடாதாம். நீதிமன்றத்தில் சாட்சிக்குச் சொல்லிக்கொடுப்பது போன்ற குற்றம் அது. இரண்டாவது சீட்டு இப்படி அமைந்தது: 'நலோக்சோன் தந்தபின் மூச்சு திரும்பியதாகப் பதிவு உள்ளது. காரணமான மருந்து எது, எந்நோக்கில் உட்கொள்ளப்பட்டது என்பவை தெரிந்திருந்தால் குறிப்பிட வேண்டுகிறேன்.' பயிற்சிப் புத்தகத்தின் மறுபக்கத்தில் மருத்துவரின் பதில் இருந்தது. ஆக்சிகோடோன் என்று நம்பி வாங்கிய போலி மாத்திரை, உள்ளே இருந்தது ஃபென்டனில், தெரியாமல் உட்கொண்டது. உடனே எண் டி40.411ஏ ஆகிவிட்டது. நஞ்சை முதலிலும், அதனால் வந்த மூச்சடைப்பை இரண்டாவதாகவும் எழுத வேண்டும். முறையாக உண்ட மருந்து ஒவ்வாமல் போனதாயின் வரிசை தலைகீழாகும். மருத்துவர் தந்த மருந்தோடு தானாக வாங்கிய வேறொன்றையும் சேர்த்து உண்டு தீங்கு வந்தால், அது ஒவ்வாமையன்று, நஞ்சாதலே என்பதும் விதி.

பிழைத்தவருக்காவது சீட்டு அனுப்பிக் கேட்கலாம். இறந்தவரின் கணக்கு இதைவிடக் கடினமானது. அமெரிக்காவில் இத்தகைய இறப்புகளைச் சில இடங்களில் மருத்துவப் பரிசோதகரும், சில இடங்களில் 'காரனர்' என்ற அதிகாரியும் விசாரித்துச் சான்றிதழ் எழுதுகிறார்கள். காரனர் பல மாவட்டங்களில் வாக்குப் பெற்று வருபவர். மருத்துவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எல்லா இடத்திலும் இல்லை. இரத்தத்தில் என்ன மருந்து என்று ஆய்வுக்கூடம் சொல்ல வாரக்கணக்கில் ஆகும்; செலவும் உண்டு. ஆகவே 'மருந்து மிகையால் இறப்பு' என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாக இருந்திருக்கிறது. 1999 முதல் 2013 வரை, மருந்து மிகையால் இறந்தோர் சான்றிதழ்களில் 75 முதல் 79 விழுக்காட்டில்தான் மருந்தின் பெயர் இருந்தது. மற்றவர்கள் எந்த மருந்தால் இறந்தார்களோ, அந்த மருந்தின் கணக்கில் ஏறவே இல்லை.

வர்ஜீனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ரூம் இந்த விடுபட்ட சான்றிதழ்களை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். 2014-ஆம் ஆண்டு அபினி வகை மருந்துகளால் நேர்ந்த உண்மையான இறப்பு விகிதம், அறிவிக்கப்பட்டதைவிட 24 விழுக்காடு அதிகம் என்று அவர் கணித்தார். மிகவும் குறைத்துக் காட்டிய மாநிலங்களுள் பென்சில்வேனியாவும் இண்டியானாவும் அடங்கும். அங்கே மக்கள் குறைவாக இறக்கவில்லை, குறைவாக எழுதப்பட்டார்கள். இப்படிப் பேசப்பட்ட பிறகு நிலைமை திருந்தியிருக்கிறது. 2018-இல் 92 விழுக்காட்டுச் சான்றிதழ்களில் மருந்தின் பெயர் வந்துவிட்டது.

பெயர் எழுதினாலும் சிக்கல் ஓய்ந்துவிடுவதில்லை. வேதியியல் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஹெராயின் இரத்தத்தில் கலந்த சில நிமிடங்களில் இடைப்பொருளாக மாறி, பிறகு மார்ஃபினாகிவிடுகிறது. அந்த இடைப்பொருளைத் தேடிப் பாராமல், மார்ஃபின் கண்டோம் என்று மட்டும் எழுதினால், டி40.1-இல் சேர வேண்டிய இறப்பு டி40.2-இல் போய்ச் சேரும். தெருவில் விற்ற நஞ்சின் பழி மருந்துக்கடை மாத்திரையின் மேல் விழும். டி40.4-இலும் ஒரு குறை. பத்தாம் திருத்தத்தை வகுத்தபோது ஃபென்டனில் இவ்வளவு பேரைக் கொல்லும் என்று யாரும் நினைக்கவில்லை போலும். டிரமடாலோடு அதையும் ஒரே அறையில் வைத்துவிட்டார்கள். மருத்துவமனைக் குறியீட்டில் மட்டும் 2020 அக்டோபரில் ஃபென்டனிலுக்குத் தனி எண் கொடுத்தார்கள்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இந்த இலக்கங்கள்தாம் அந்த நாட்டுக்கு நடந்ததைக் காட்டின. 1990-களில் தொடங்கிய பெருக்கம் மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளால் வந்தது. 2010 முதல் ஹெராயினும், 2013 முதல் ஃபென்டனிலும் ஏறின. 40.2, 40.1, 40.4 என்று புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கம் மாறிய வரிசையில்தான் இதைக் கண்டுகொண்டார்கள். 2022-இல் அமெரிக்காவில் மருந்து மிகையால் இறந்தோர் 1,07,941 பேர். அவர்களில் 81,806 பேரின் சான்றிதழில் அபினி வகை மருந்தின் குறியீடு இருந்தது; 73,838 பேருக்கு அது டி40.4. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் யாரோ ஒருவர் ஒரு சொல்லை எழுதியிருக்கிறார்.

பயிற்சி முடிந்து ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பரணிலிருந்த தகரப்பெட்டியை இறக்கி, தாத்தாவின் மருத்துவமனை அட்டையைத் தேடினேன். நம் மருத்துவமனைகள் இந்த அமெரிக்க எண்களைக் கேட்பதில்லை. எனினும் எனக்கு எழுதிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. மருத்துவரின் கையெழுத்து கோணல்தான் என்றாலும் படிக்க முடிந்தது. கன்னத்து உட்புறப் புற்று: சி06.0. புற்றினால் வலி: ஜி89.3. வலி தணிக்கும் பராமரிப்பு: இசட்51.5. மார்ஃபின் பத்து மில்லிகிராம், நான்கு மணிக்கொரு முறை, தொடர்க: இசட்79.891. அட்டையின் இரு பக்கத்தையும் மீண்டும் ஒரு முறை படித்தேன். எஃப்11 என்று இடுவதற்கு ஒரு சொல்கூட அதில் இல்லை. அந்தத் தாளைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான்கு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தவர், "இதுல எதும்மா அந்த அபின் விஷயம்?" என்று கேட்டார். கடைசி எண்ணைக் காட்டி அதன் பொருளைச் சொன்னேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.